தரையை மறக்கும் பாதங்கள்: இனிப்புநீரும் உடல் சமநிலையும் – ஒரு வரலாற்றுப் பார்வை



"பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார்." தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் எவருக்கும் இந்தச் செய்தி புதிதன்று. பள்ளிக்கு வராத மறுநாள் மாணவன் சொல்லும் காரணங்களுள் இதுவும் ஒன்று. வீட்டிலுள்ளோர் இதற்குச் சொல்லும் விளக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: வயதாகிவிட்டது, தரை ஈரமாக இருந்தது, கவனம் போதவில்லை. விழுந்தவருக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர் இருப்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். ஆயினும் அந்த நோயையும் இந்த விழுதலையும் இணைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே.

மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் இந்தியர்களின் நிலை கவலைக்குரியதாகவே நீடிக்கிறது. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் முப்பது மாணவர்களின் இல்லங்களை எண்ணிப் பார்த்தால், இந்நோய் எட்டிப் பார்க்காத வீடு அரிது என்பது விளங்கும்.

இந்நோய் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை நம் மக்கள் நன்கு அறிவர். நிற்பதையும் நடப்பதையும் அது கெடுக்கும் என்பது பரவலாக அறியப்படவில்லை. மருத்துவ உலகமும் இதை ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. அந்த அறிவு பல நாடுகளைச் சுற்றி வந்தது. அதன் முக்கியமான திருப்பம் தமிழ் மண்ணில், சமுதாயம் ஒதுக்கிவைத்த மனிதர்களின் கால்களில் நிகழ்ந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறோம்?

வரலாற்றுக்குள் செல்லும் முன் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் நம் உடல் முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தை மூளை நொடிக்கு நொடி திருத்துகிறது. அதற்கு மூன்று வழிகளில் செய்தி வருகிறது. முதலாவது கண். இரண்டாவது, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவது, பாதத்தின் தோலிலிருந்தும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் நரம்புகள் வழியே மேலேறும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறதே, அது இந்த மூன்றாம் வழியின் கொடை.

இனிப்புநீர் அடிப்படையில் ஒரு சுரப்பு நோய். வயிற்றின் பின்புறம் உள்ள கணையம், இன்சுலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது போதிய அளவில் சுரக்காவிட்டாலோ, சுரந்தும் உடல் அதற்கு இணங்காவிட்டாலோ இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே அவையே முதலில் பழுதடைகின்றன. கால் விரல் நுனியில் தொடங்கும் மரமரப்பு, காலுறை அணிந்தாற்போல் மெல்ல மேலேறுகிறது. சமநிலைக்கான மூன்றாம் வழி இவ்வாறு தூர்ந்துபோகிறது.

பழைய நூல்கள் கண்ட குறிகள்

சிறுநீரில் இனிப்பு கலந்து எறும்பு மொய்க்கும் நோயை நம் முன்னோர் மதுமேகம் என்றும் நீரிழிவு என்றும் அழைத்தனர். மலேசியத் தமிழர் அதனை இனிப்புநீர் என்று அழைக்கின்றனர். 'கென்சிங் மானிஸ்' என்னும் மலாய் வழக்கின் சாயல் அதில் உண்டு.

வடமொழி மருத்துவ நூலான சரக சங்கிதை, இந்நோய் முழுமையாக வெளிப்படுவதற்கு முன் தோன்றும் அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. கை கால்களில் மரமரப்பும் எரிச்சலும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. நரம்பு என்பதைப் பற்றிய இன்றைய அறிவு இல்லாத காலத்திலேயே, சிறுநீரில் தெரியும் நோய் பாதத்திலும் தெரியும் என்று கூர்ந்து நோக்கியவர்கள் இருந்தனர் என்பது வியப்புக்குரியது. எனினும் அது குறிப்பாகவே நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 17ஆம் நூற்றாண்டில் நோயாளியின் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். 1798இல் ஜான் ரோலோ, நீரிழிவு நோயாளியின் கால் வலியையும் உணர்வுக் கோளாற்றையும் குறித்துவைத்தார். காலுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்கு அப்போது விடை கிடைக்கவில்லை.

கண்ணை மூடி நிற்கும் சோதனை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெர்லின் நகரில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் நரம்பு நோய்களைப் பற்றிய விரிவான பாடநூல் ஒன்றை எழுதினார். கிரந்தி எனப்படும் பால்வினை நோய் முற்றித் தண்டுவடத்தைத் தாக்கிய நோயாளிகளை அவர் கவனித்தார். கால்களைச் சேர்த்துவைத்துக் கண்களைத் திறந்து நிற்கும்போது அவர்கள் ஓரளவு நின்றார்கள். கண்களை மூடச் சொன்னதும் தள்ளாடி விழப்போனார்கள். காலிலிருந்து செய்தி வராத நிலையில், கண் ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு அவர்கள் நின்றிருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். இத்தகையோர் முகம் கழுவக் கண்ணை மூடும் கணத்தில் தடுமாறுவதும் அக்கால மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. ரோம்பெர்க் சோதனை இன்றும் மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது.

ஆனால், இனிப்புநீர் நோயாளிகளையும் இதே கோணத்தில் நோக்க வேண்டும் என்ற எண்ணம் உடனே எழவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1849இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார், விலங்கின் மூளையடியில் ஓர் இடத்தைக் குத்தினால் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைக் கண்டார். அதனால் நரம்பு கெடுவதால்தான் சர்க்கரை நோய் வருகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. 1864இல் மார்ஷால் டி கால்வி என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். சர்க்கரை நோயே நரம்பைக் கெடுக்கிறது என்றார் அவர். எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிந்த இந்த இடமே நம் வரலாற்றின் முதல் திருப்பம்.

1880களில் பாரிசில் பூஷார், நீரிழிவு நோயாளிகள் பலரிடம் முழங்கால் தட்டலுக்குக் கால் எழும்பும் அனிச்சைச் செயல் இல்லாமற்போவதைக் கண்டார். 1893இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன், நீரிழிவின் நரம்புக் கோளாறுகளை வகைப்படுத்தியபோது, வலி மிகும் வகை, தசை தளரும் வகை ஆகியவற்றோடு நடை தள்ளாடும் வகை ஒன்றையும் தனியே சேர்த்தார். அந்தத் தள்ளாட்ட நடை, கிரந்தி நோயாளியின் நடையைப் போலவே இருந்தமையால் அதனைப் 'போலித் தண்டுவட நோய்' என்ற பொருளில் அழைத்தனர். 1906இல் வாசர்மான் என்பாரின் இரத்தச் சோதனை வந்த பிறகே இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயன்றது. நம் சித்த மருத்துவ வழக்கிலும் மேகம் என்ற ஒரே சொல் பால்வினை நோயையும் நீரிழிவையும் சுட்டி வந்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

இன்சுலின் தந்த ஆயுள்

1922ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. பாண்டிங், பெஸ்ட், மெக்லவுட், காலிப் ஆகியோரின் உழைப்பின் பயன் அது. அதற்கு முன், இவ்வகை நீரிழிவு கண்ட சிறுவர்கள் சில ஆண்டுகளிலேயே இறந்தார்கள். இன்சுலின் அவர்களை வாழவைத்தது.

நீண்ட வாழ்வோடு, நீண்ட காலம் கழித்து வரும் கேடுகளும் வெளிப்பட்டன. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லின், நோயாளிகள் மயக்க நிலையில் இறப்பது குறைந்து கால் அழுகலால் துன்புறுவது கூடியதை 1934இல் எழுதினார். பாதத்தைக் கழுவித் துடைத்து நாள்தோறும் பார்க்கும் பழக்கத்தை அவர் இடைவிடாது வலியுறுத்தினார். 1936இல் அதே நகரின் ஜோர்டான், நீரிழிவின் நரம்புக் கேடுகளை விரிவாக ஆராய்ந்தார். வலியே இல்லாமல் பாத எலும்புகள் நொறுங்கி, பாதத்தின் வளைவே குலைந்துபோகும் நிலை நீரிழிவிலும் உண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாறு உருக்குலைந்த பாதத்தின் மீது நேராக நிற்க எவராலும் இயலாது.

இத்தனை அறிந்தும், புண் வந்த காலை வெட்டுவதே பெரும்பாலும் முடிவாக இருந்தது. பாதம் ஏன் புண்ணாகிறது என்ற வினாவுக்கு, சர்க்கரை மிகுந்த சதை அழுகும் என்ற பொதுவான விடையே சொல்லப்பட்டது. அந்த விடையைத் திருத்தியவர் நீரிழிவு மருத்துவர் அல்லர்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

பால் பிராண்ட், 1914இல் தமிழகத்தின் கொல்லிமலையில், ஆங்கிலேயச் சமயப் பணியாளர்களான ஜெஸ்ஸி, எவெலின் இணையருக்குப் பிறந்தார். சிறுவயதில் மலைவாழ் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடித் திரிந்தவர். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி வந்தார்.

அந்நாளில் தொழுநோயில் நிபுணராக விளங்கிய இராபர்ட் காக்ரன், பிராண்டைச் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றிய பிராண்ட், அந்தப் பிடியின் வலிமையைக் கண்டு திகைத்தார். தசைகள் உயிரோடுதான் இருந்தன. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம் அது. பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தார். சூடான பாத்திரத்தைத் துணியின்றி எடுத்தார்கள். ஆணி குத்திய காலோடு நடந்தார்கள். உறங்கும்போது எலி விரலைக் கடித்தும் விழித்தெழவில்லை. நோய் செய்தது ஒன்றுதான்: அது நரம்பைக் கெடுத்து வலியைப் பறித்தது. வலி இல்லாமற்போனதால், சிறு காயங்கள் பெரும் புண்களாயின.

அவரது குழுவினர் அடுத்து நடையை ஆராய்ந்தனர். உணர்வுள்ள மனிதன் நெடுந்தொலைவு நடக்கும்போது, ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தால் தன்னை அறியாமலே நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறான்; எடையை வேறு பக்கம் சாய்க்கிறான்; தேவைப்பட்டால் நொண்டுகிறான். உணர்விழந்த பாதம் இதைச் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான அடிகளும் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தோடு விழுகின்றன. அந்த இடம் முதலில் சிவந்து, பின் கன்றி, இறுதியில் உடைகிறது. நிற்பது, நடப்பது, புண்ணாவது ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இதற்குத் தீர்வாக வேலூரிலும் அதையடுத்த கரிகிரியிலும் மென்மையான நுண்துளை இரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. புண் வந்த பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு, எடையைப் பாதம் முழுவதும் பரவச் செய்து ஆற்றும் முறையும் கையாளப்பட்டது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோயாளிகளுக்கு இம்முறையை முன்னரே பயன்படுத்தியிருந்தனர்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களைக் கண்டபோது, தாம் தமிழகத்தில் கண்ட அதே புண்களை மீண்டும் கண்டார். நோய் வேறு; உணர்விழந்த பாதம் ஒன்றே. மாவுக்கட்டும், தனிச் செருப்பும், நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் ஒழுக்கமும் அங்கிருந்து உலக நீரிழிவு மருத்துவத்துக்குள் நுழைந்தன. இன்றைய நீரிழிவுப் பாத மருத்துவத்தின் வேர்களில் ஒன்று தமிழகத்துத் தொழுநோயாளிகளின் துன்பத்தில் ஊன்றியிருக்கிறது என்பது மிகையன்று. பிராண்ட் 2003இல் காலமானார்.

பினாங்குப் பாலத்திலிருந்து தெரியும் தீவு

இந்த வரலாற்றைப் படிக்கும்போது, புக்கிட் தெங்காவில் வாழும் நமக்கு ஒரு காட்சி நினைவுக்கு வர வேண்டும். பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுக்குச் செல்லும்போது இடப்பக்கம் பசுமையாகத் தோன்றுகிறதே, அதுதான் ஜெரெஜாக் தீவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லம் அமைக்கப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த நிலையமும் அதே தீவில் இருந்தது. 1930இல் சுங்கை பூலோவில் பெரிய தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது.

அதே கடல்வழியாக வந்த தமிழர்கள்தாம் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் 1840கள் முதல் உழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து பால்மரம் வந்தது. அந்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் இன்று தோட்டத்தில் நடப்பதில்லை. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருக்கிறோம். உடலுழைப்பு குறைந்தது, உணவில் மாவும் இனிப்பும் கூடின. தொழுநோய்க்கு அஞ்சி மனிதர்களைத் தீவுக்கு அனுப்பிய சமுதாயத்தில், அதே போன்று உணர்விழந்த பாதங்கள் இன்று பெரியவர்கள் பலரை அச்சுறுத்தும் நோயால் உண்டாகின்றன. அன்று ஒதுக்கப்பட்டவர்களின் துன்பத்திலிருந்து கிடைத்த அறிவே இன்று நம் பெற்றோரின் காலைக் காக்கிறது. தொழுநோய் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். அதன்மீதான அருவருப்பு மட்டும் சிலரிடம் இன்னும் குணமாகவில்லை. நுண்துளை இரப்பர்ச் செருப்பைத் 'தொழுநோயாளி செருப்பு' என்று எண்ணி அணிய மறுத்தவர்கள் பலர். அந்த மறுப்பின் விலையைக் கொடுத்தவை அவர்களுடைய பாதங்களே.

அளந்து அறிந்த காலம்

தமிழகத்தில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவம் வளர்ந்ததும் இதே காலத்தில்தான். மருத்துவர் மா. விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். அம்மருத்துவமனை பாதப் பாதுகாப்பில் இன்றும் முன்னணியில் உள்ளது.

1960களில் செம்ஸ், வைன்ஸ்டைன் என்னும் இருவரின் பெயரால் அறியப்பட்ட நைலான் இழை ஒன்று நரம்புச் சோதனைக்குப் பயன்படலாயிற்று. இழையைத் தோலில் வைத்து அழுத்தினால், குறிப்பிட்ட விசையில் அது வளையும். 1986இல் கார்வில் மருத்துவமனையைச் சேர்ந்த பர்க், சிம்ஸ் ஆகியோர் தொழுநோயாளிகளையும் நீரிழிவு நோயாளிகளையும் சோதித்தனர். 10 கிராம் விசையில் வளையும் இழையை உணர முடிந்தவர்களுக்குப் பாதப் புண் இல்லை என்பதைக் கண்டனர். இன்று நம் அரசு கிளினிக்குகளில் பாதத்தைச் சோதிக்கும் தாதியர் கையில் இருக்கும் மெல்லிய இழைக்கு இதுவே வரலாறு.

சமநிலையையே நேரடியாக அளந்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர். பீட்டர் கவனா தலைமையிலான குழு, நோயாளிகளை விசை அளக்கும் மேடைமீது நிறுத்தி அவர்களது உடல் ஆட்டத்தைப் பதிவு செய்தது. 1992இலும் 1994இலும் வெளியான அவர்களது ஆய்வுகள் ஒரு முக்கியமான உண்மையைத் தெளிவாக்கின. நீரிழிவு இருந்தும் நரம்பு கெடாதவர்கள், நோயற்றவர்களைப் போலவே நின்றார்கள். நரம்பு கெட்டவர்களே மிகுதியாக ஆடினார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் காயமுற்றதாக மிகுதியாகச் சொன்னவர்களும் அவர்களே. தள்ளாட்டத்துக்கு முதற்காரணம் பாதத்தின் உணர்விழப்பே என்பது இதனால் உறுதியாயிற்று.

1993இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு நம்பிக்கை தந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், இரத்தச் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய இன்சுலின் நோயாளிகளுக்கு நரம்புக் கேடு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. வராமல் தடுக்க முடியும் என்பதே இதன் சாரம். முற்றிலும் இழந்த உணர்வை மீட்டுத்தரும் மருந்து இன்றும் இல்லை.

பாதம் ஒன்று மட்டுமே காரணமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இனிப்புநீர் விழித்திரையைக் கெடுக்கும்போது சமநிலையின் முதல் வழியும் மங்குகிறது. உட்செவியின் சமநிலை உறுப்பும் பாதிக்கப்படலாம் என்று இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன. படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்கித் தலைசுற்றுவதும், மருந்து உண்டு உணவு உண்ணாதபோது சர்க்கரை தாழ்ந்து நடுங்குவதும் விழுதலுக்கு வழிவகுக்கும். மூன்று ஊன்றுகோல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோகும் முதியவரைப் பார்த்து, "கவனமாக நடக்கக் கூடாதா?" என்று கடிந்துகொள்வது எத்தனை பொருந்தாது!

நம் வழக்கங்களும் நம் கால்களும்

இந்த வரலாறு நம் அன்றாட வாழ்வைத் தொடும் இடங்கள் சில உண்டு.

நாம் வீட்டுக்குள் காலணி அணிவதில்லை, கோயிலுக்குள்ளும் அணிவதில்லை. இது நம் பண்பாடு. இதில் இழிவு ஏதுமில்லை. ஆனால், உணர்விழந்த பாதத்துக்கு வெறுந்தரை பாதுகாப்பான இடமன்று. பினாங்குத் தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். இரத ஊர்வலப் பாதையெங்கும் உடைபடும் தேங்காய்களின் ஓட்டுச் சில்லுகள். நண்பகல் வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை. தண்ணீர்மலை முருகனை அடைய ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். உணர்வுள்ளவர் சுடுகிறதென்று நிழலுக்கு ஒதுங்குவார். உணர்வற்றவர் பக்திப் பெருக்கில் நடந்துகொண்டே இருப்பார். வீடு திரும்பிக் காலைப் பார்க்கும்போதுதான் கொப்புளம் தெரியும். அதையும் பார்த்தால்தான் தெரியும். வலிக்கவில்லை என்பதை முருகன் அருள் என்று கொள்வது அவரவர் நம்பிக்கை. ஆயினும், அது நரம்புக் கேட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை வீட்டிலுள்ள இளையோர் அறிந்திருக்க வேண்டும். தீமிதிக்க நேர்ந்துகொள்ளும் இனிப்புநீர் நோயாளி முன்னரே மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம். நேர்த்திக்கடனை நிறைவேற்ற வேறு வழிகளும் உள்ளன.

மற்றொன்று, விடியற்காலைக் குளியல். இருட்டு, ஈரத்தரை, முகத்தில் நீர் ஊற்றும்போது மூடும் கண்கள். ரோம்பெர்க் சோதனையை இதைவிடக் கடுமையாக எவரும் நடத்த முடியாது. குளியலறையில் விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும், வழுக்காத விரிப்பும், அமர்ந்து குளிக்க ஒரு நாற்காலியும் வைப்பதற்கு ஆகும் செலவு, இடுப்பெலும்பு முறிந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

கால் மரத்துப்போகிறது என்று சுடுநீரில் வைப்பதும், சூடான ஒத்தடம் கொடுப்பதும் நம்மிடையே பரவியுள்ள மற்றொரு வழக்கம். உணராத கால் வெந்துபோவது தெரியாது. நீரின் சூட்டை முழங்கையால் சோதித்த பிறகே காலை வைக்க வேண்டும்.

பெற்றோர்கள் கவனத்தில் கொள்ள வேண்டியவை எளியவை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாதச் சோதனையும் கண் சோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒரு முறை விழுந்தாலும், காயமில்லை என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாள்தோறும் இரவில் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாத தாத்தாவுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். காலணிக்குள் கல்லோ ஆணியோ கிடக்கிறதா என்று கையைவிட்டுப் பார்த்த பின் அணியுங்கள். வீட்டுக்குள்ளும் பொருத்தமான, பின்பட்டை உள்ள காலணி அணிவது நல்லது. கழன்று விழும் சிலிப்பர் அதற்கு உதவாது. படுக்கையிலிருந்து எழும்போது சற்று அமர்ந்து, பிறகு எழுந்து நில்லுங்கள். கால் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் தள்ளாட்டத்தைக் குறைக்கும். அவற்றை மருத்துவர் அல்லது உடலியக்கப் பயிற்சியாளரின் அறிவுரையோடு தொடங்குங்கள்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அறிவியல் பாடத்தில் புலன்களைப் பற்றிக் கற்பிக்கும்போது, மாணவர்களை இணை இணையாக நிறுத்துங்கள். ஒருவர் கண்ணைத் திறந்து ஒற்றைக் காலில் நிற்கட்டும். பிறகு கண்ணை மூடட்டும். மற்றவர் அருகிலிருந்து தாங்கிக்கொள்ளட்டும். அடுத்து, தடித்த பஞ்சு மெத்தையின் மீது இரு காலாலும் நின்று கண்ணை மூடட்டும். பாதம் அனுப்பும் செய்தி குழம்பும்போது உடல் எவ்வாறு ஆடுகிறது என்பதை அவர்கள் தாமே உணர்வார்கள். "உங்கள் பாட்டி ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நிற்கிறார்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளும்.

தேர்ச்சி அறிக்கை பெறும் நாளிலும் பள்ளி விழாக்களிலும் தாத்தா பாட்டிகள் பலர் வருகிறார்கள். மாடி வகுப்பறைக்கு அவர்களை ஏறவைக்காமல் ஆசிரியர் கீழே இறங்கி வரலாம். மண்டப வாயிலில் காலணியைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பில் இவர்களுக்கு விலக்கு அளிக்கலாம். வாழ்த்துப் பாடல்களின்போது பிடித்துக்கொண்டு நிற்க முன்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

சரகர் காலத்தில் ஒரு வரிக் குறிப்பாக இருந்த மரமரப்பு, பெர்லினிலும் பாரிசிலும் பாஸ்டனிலும் ஆராயப்பட்டு, வேலூரிலும் கரிகிரியிலும் கார்விலிலும் பொருள் விளங்கி, இன்று நம் ஊர்க் கிளினிக்கில் ஒரு நைலான் இழையாக வந்து நிற்கிறது. அந்த இழையின் முன் நம் பெற்றோரின் பாதங்களைக் கொண்டுபோய் வைப்பது பிள்ளைகளாகிய நம் கடமை. அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது, இரத்தச் சோதனையோடு திரும்பிவிடாமல், "காலையும் பாருங்கள்" என்று கேட்டுப் பெறுங்கள்.